மாம்பழப் பாயசம் திரிந்துபோகாமல் இருக்க என்ன வழி? 30 பேருக்கான கோடைப் பழ இனிப்புகள்

கேள்வி
எழுதியவர்: பொருநைக்கரை

அன்பர்களுக்கு வணக்கம். நான் திருநெல்வேலியில் வசிக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் என் கணவர் வீட்டு உறவினர்கள், சிறுவர்களையும் சேர்த்து ஏறத்தாழ 30 பேர், எங்கள் வீட்டில் கூடி மூன்று நாள்கள் தங்குவார்கள். சாப்பாட்டுக்குச் சமையல்காரர் வந்துவிடுவார். மாலை நேரத்து இனிப்பும் குளிர்பானமும் மட்டும் என் பொறுப்பு. வெயிலில் வந்து இறங்குகிறவர்களிடம் அல்வாவையும் லட்டையும் நீட்ட மனம் வராததால், சென்ற ஆண்டு எல்லாவற்றையும் பழங்களைக் கொண்டே செய்வதென்று முடிவெடுத்தேன். எடுத்த முடிவைப் பற்றி இன்றைக்கும் எனக்கு வருத்தமில்லை. விளைந்த பலனைப் பற்றித்தான் வருத்தம்.

முதல் நாள் மாம்பழப் பாயசம். பாலைச் சுண்டக் காய்ச்சிச் சர்க்கரை சேர்த்து, கொதி அடங்குவதற்குள் செந்தூரா மாம்பழக் கூழை ஊற்றினேன். ஐந்து நிமிடத்துக்குள் பால் திரிந்து திப்பி திப்பியாக ஒதுங்கிவிட்டது. இரண்டாம் நாள் அன்னாசி ஜெல்லி. கடையில் வாங்கிய ஜெலட்டின் தூளைப் பொட்டலத்தில் அச்சிட்டிருந்தபடியே கரைத்து, பச்சை அன்னாசித் துண்டுகளைப் போட்டு, இரவு முழுவதும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்தேன். காலையில் திறந்தபோது அது தண்ணீராகவே இருந்தது. விடக் கூடாதென்று கடற்பாசி வாங்கிவரச் சொல்லி, அதை அன்னாசிச் சாற்றிலேயே போட்டு நெடுநேரம் கொதிக்கவிட்டேன். அது இறுகியது போலத் தோன்றினாலும், கரண்டி பட்டவுடன் குழைந்துபோயிற்று.

அதே மாலையில் பப்பாளியைப் பாலுடன் அரைத்துக் கொடுத்தேன். அரைத்தவுடன் குடித்தவர்கள் பாராட்டினார்கள். ஒரு மணி நேரம் தாமதமாக வந்த சின்ன மாமனார் மட்டும், ஒரு வாய் குடித்துவிட்டு, வேப்பிலை ஏதும் விழுந்துவிட்டதா என்று கேட்டார். மூன்றாம் நாளுக்கென்று உறையவைத்திருந்த மாம்பழ ஐஸ்கிரீம், பனிச் சில்லுகள் நிறைந்த பாறையாக இருந்தது. சிறுவர்கள் அதைக் கரண்டியால் சுரண்டித் தின்றதால் அது மட்டும் வீணாகவில்லை.

இவ்வாண்டும் பழங்கள்தான். மாமியார் சுத்த சைவம். முட்டை கலந்த பொருளைக்கூடத் தொடமாட்டார். பிற்பகலில் மின்சாரம் ஒரு மணி நேரம் போய்விடுவது எங்கள் தெருவில் வழக்கம். இவற்றை மனத்தில் கொண்டு, எங்கே தவறினேன் என்பதையும் எவற்றைச் செய்யலாம் என்பதையும் அனுபவமுள்ளவர்கள் எழுதினால் நன்றியுடையவளாவேன்.


மறுமொழி 1
எழுதியவர்: ஓய்வுபெற்ற வேதியியல் வாத்தியார்

சகோதரிக்கு வணக்கம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்கு அடுப்பங்கரைக்குள் நுழைய அனுமதி கிடைத்தது. உங்கள் ஐந்து தோல்விகளையும் ஒவ்வொன்றாக நானும் கண்டிருக்கிறேன் என்பதால், காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பாலில் கேசீன் என்ற புரதம் மிக நுண்ணிய துகள்களாக மிதந்துகொண்டிருக்கிறது. பாலின் பி.எச். அளவு (புளிப்பைக் காட்டும் எண்; புளிப்பு கூடக் கூட அது குறையும்) ஏறத்தாழ 6.7. புளிப்பு சேர்ந்து அது 4.6-க்கு அருகே இறங்கினால், ஆறிய பாலில்கூடக் கேசீன் திரண்டுவிடும். பால் கொதிநிலையில் இருந்தால் அவ்வளவு புளிப்புக்கூடத் தேவையில்லை. எலுமிச்சம்பழம் பிழிந்து பாலைத் திரிக்கும்போது நடப்பதைத்தான் உங்கள் செந்தூரா சென்ற ஆண்டு செய்தது, ஏனென்றால் நன்றாகப் பழுத்த செந்தூராவிலும் மெல்லிய புளிப்பு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். சூடான பாலில் வெல்லத்தைப் போட்டாலும் இதே விபத்து நேரலாம். ஆகவே, பசும்பாலில்தான் செய்ய வேண்டுமென்றால் பாலையும் கூழையும் தனித்தனியே குளிரவைத்து, பரிமாறுவதற்குச் சற்று முன்னால் கலக்க வேண்டும்.

சூடாகவே செய்ய விரும்பினால் பசும்பாலை விட்டுவிட்டுத் தேங்காய்ப்பாலுக்கு மாறிவிடுங்கள். உங்களுக்குப் பக்கத்து மாவட்டமான கன்னியாகுமரியில் செய்யும் பிரதமன் முறை அது. முப்பது சிறு குவளைகளுக்கு 1.25 கிலோ மாம்பழக் கூழை நெய்யில் வதக்கி, 600 கிராம் வெல்லத்தைப் பாகாகக் காய்ச்சி வடிகட்டி அதனுடன் சேர்த்து, அல்வாவுக்குச் சற்று முந்தைய பதம் வரும்வரை கிளறுங்கள். நான்கு தேங்காய்களிலிருந்து எடுத்த இரண்டாம் பால் ஒன்றரை லிட்டரை அதில் ஊற்றிக் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்த பிறகு மட்டுமே அரை லிட்டர் முதற்பாலைச் சேர்க்க வேண்டும். முதற்பால் கொதித்தால் எண்ணெய் பிரிந்துவிடும். சுக்குப் பொடியும் ஏலக்காயும் போதும்; முந்திரியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. இந்தப் பாயசம் குளிர்ந்த பிறகு இன்னும் சுவைக்கும் என்பது என் கருத்து.

அடுத்தது ஜெல்லி. அன்னாசியில் புரோமிலைன் என்ற நொதி இருக்கிறது. புரதத்தைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டுவது அதன் வேலை. ஜெலட்டின் ஒரு புரதம். ஆகவே பச்சை அன்னாசி விழுந்த இடத்தில் அது எத்தனை இரவுகள் குளிரில் இருந்தாலும் இறுகாது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: ஜெலட்டின் விலங்குகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுவது. மாமியார் சுத்த சைவம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது இறுகாமல் போனதே நல்லது. இந்தப் பத்தியை அவரிடம் காட்ட வேண்டாம்.

கடற்பாசிக்கு அந்தச் சிக்கல் இல்லை. மன்னார் வளைகுடாவில் இராமநாதபுரம் கடலோரப் பெண்கள் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசி போன்ற கடல்தாவரங்களிலிருந்து அது கிடைக்கிறது. அதில் இறுகும் பொருள் ஒருவகைக் கூட்டுச் சர்க்கரையே தவிரப் புரதமன்று என்பதால், புரோமிலைனால் அதை ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் புளிப்பில் நெடுநேரம் கொதித்தால் அதன் பிணைப்புகள் அறுந்து வலுவிழந்துவிடும். உங்கள் இரண்டாவது முயற்சி குழைந்ததற்கு அதுவே காரணம். இழைகளாக விற்கும் கடற்பாசி 10 கிராமை 600 மில்லிலிட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரிலேயே ஓர் இழைகூடத் தென்படாதவாறு கரையும்வரை காய்ச்சுங்கள். சர்க்கரையை அப்போதே சேர்க்கலாம். அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு 400 மில்லிலிட்டர் பழச்சாற்றைச் சேருங்கள். சாறு பெட்டியிலிருந்து எடுத்த குளிர்ச்சியோடு இருக்கக் கூடாது. இருந்தால் பாசி அங்கங்கே கட்டிதட்டிவிடும். 40 பாகைக்குக் கீழே வந்ததும் இது தானாகவே இறுகும். உங்கள் ஊரில் மே மாதத்துப் பிற்பகலில் அடுப்பங்கரையின் வெப்பமே அதை நெருங்கும் என்பதால், தட்டத்தைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்துவிடுங்கள். ஒரு முறை இறுகிவிட்டால் 80 பாகையைத் தாண்டும்வரை மீண்டும் உருகாது. மின்சாரம் போகும் வீட்டுக்கு இதைவிடத் தோதான இனிப்பு கிடையாது. நோன்புக் காலத்தில் இசுலாமிய வீடுகளில் பாலிலும் இளநீரிலும் கடற்பாசி செய்கிறவர்களுக்கு இதெல்லாம் கைவந்த கலை.

பப்பாளியில் இருக்கும் பப்பைன் என்ற நொதி பாலின் புரதத்தை வெட்டும்போது கசப்பான துண்டுகள் உண்டாகின்றன. அதற்குச் சிறிது நேரம் பிடிக்கும். முதலில் குடித்தவர்கள் தப்பித்ததும் சின்ன மாமனார் மாட்டிக்கொண்டதும் அதனால்தான். பச்சை அன்னாசியைத் தயிரில் போட்டு வைத்தாலும் இதே கசப்பு வரும். நாகர்கோவில் பக்கத்து விருந்துகளில் அன்னாசிப் பச்சடிக்குப் பழத்தை முதலில் நன்றாக வேகவைத்து, ஆறிய பிறகே தேங்காயும் கடுகும் அரைத்த விழுதோடு தயிரைச் சேர்ப்பார்கள். வேகும்போது நொதி செயலிழந்துவிடுகிறது. புரோமிலைன் என்ற பெயரைக் கேள்விப்படாமலேயே அதை அடக்கத் தெரிந்தவர்கள் அவர்கள்.

ஐஸ்கிரீமைப் பொறுத்தவரை, மாம்பழத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் தண்ணீர்தான். அதனுடன் சுண்டாத பாலையும் சேர்த்தால் உறைவது பெரும்பாலும் தண்ணீரே. கடைக்காரர்கள் உறையும்போதே இடைவிடாமல் கடைவதால் பனித்துகள்கள் பெரிதாக வளர்வதில்லை. வீட்டில் அது கடினம். எனவே குல்ஃபிதான் நமக்கு ஏற்றது. இரண்டு லிட்டர் கொழுப்புள்ள பாலை ஏறத்தாழ 700 மில்லிலிட்டராகச் சுண்டக் காய்ச்சி, 150 கிராம் சர்க்கரை சேர்த்து முற்றிலும் ஆறவிடுங்கள். 400 கிராம் கூழைத் தனியே அடுப்பில் வைத்துக் கெட்டியாக்கி, அதையும் ஆறவைத்து, இரண்டையும் கலந்து சிறு சிறு அச்சுகளில் ஊற்றுங்கள். பெரிய பாத்திரத்தில் மெதுவாக உறைவதைவிடச் சிறிய அச்சில் விரைவாக உறையும்போது சில்லுகள் சிறிதாகவே இருக்கும். மின்சாரம் போகும் நேரத்தில், மூன்று பங்கு பனிக்கட்டிக்கு ஒரு பங்கு கல்லுப்பு கலந்த பானைக்குள் அச்சுகளைப் புதைத்துவிடுங்கள். உப்பு சேர்ந்த பனிக்கட்டியின் குளிர்ச்சி சுழியத்துக்கு மிகவும் கீழே போகும். தெருவில் மணியடித்துக்கொண்டு வரும் குல்ஃபி வண்டிக்காரரின் பானைக்குள் இருப்பதும் அதுதான்.


மறுமொழி 2
எழுதியவர்: பனங்காட்டான்

ஆசிரியர் ஐயா எழுதிய அனைத்தையும் படித்தேன், மறுப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் திருநெல்வேலியில் இருந்துகொண்டு, மே மாதத்தில், நுங்கு என்ற சொல்லே இல்லாமல் ஒரு கோடை விருந்தைப் பற்றி இவ்வளவு தொலைவு பேசியிருக்கிறீர்களே என்ற வருத்தத்தில் எழுதுகிறேன். நான் திருச்செந்தூர்ப் பக்கத்துப் பனங்காட்டில் வளர்ந்தவன்.

நுங்கை வாங்கும்போது ஓட்டோடு குலையாக வாங்குங்கள். சீவி எடுத்துப் பனையோலையில் கட்டி விற்பதை வாங்கினால், அது எந்த நேரத்தில் வெட்டியது என்று உங்களுக்குத் தெரியாது. அந்த வெயிலில் சில மணி நேரத்திலேயே அதன் மணம் மாறிவிடும். விரலால் அழுத்தினால் இளகிக் கொடுப்பதே இளநுங்கு. முற்றியது ரப்பர் போல இருக்கும், அது சிறுவர்களுக்கு வயிற்றுவலியைத்தான் கொடுக்கும். மேல்தோலில் துவர்ப்பு இருப்பதால் அதை உரிக்க வேண்டும், ஆனால் உரிக்கும்போது உள்ளே இருக்கும் நீரைக் கீழே விட்டுவிட்டால் பாதிச் சுவை போய்விட்டதென்று பொருள். ஒரு பாத்திரத்தின் மேல் வைத்துக்கொண்டே உரியுங்கள்.

நுங்கை ரோஜா எசென்ஸும் கலர்ப் பாலும் ஊற்றி மிக்சியில் அரைக்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. அதன் சுவை மிக மெல்லியது. கூடவே இன்னொரு பலமான மணம் வந்துவிட்டால், வாயில் வழுக்கிக்கொண்டு போகும் ஏதோ ஒன்று என்ற அளவுக்கு அது சுருங்கிவிடும். விரலால் பிசைந்து, அதன் நீரோடு, சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கிய பதநீரில் போட்டுக் கொடுப்பதே முறை. பதநீர் கிடைக்கவில்லையென்றால் உடன்குடிக் கருப்பட்டியை மிக மெலிதான பாகாகக் காய்ச்சி வடிகட்டி, குளிரவைத்து அதில் போடலாம். இளநீரும் பொருந்தும், இளநீர் வழுக்கையில் பாதியை அரைத்தும் பாதியை நறுக்கியும், சிறிது தேங்காய்ப்பாலும் கருப்பட்டிப் பாகும் சேர்த்துக் கலந்தால் அடுப்பே பற்றவைக்காமல் ஓர் இளநீர்ப் பாயசம் ஆகிவிடும்.

மாம்பழத்தோடு நுங்கைச் சேர்க்கலாமா என்று யாரேனும் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்: சேர்க்கலாம், ஆனால் நான் சேர்க்கமாட்டேன்.


பொருநைக்கரை எழுதியது

இருவருக்கும் நன்றி. ஆசிரியர் ஐயா குறிப்பிட்ட பத்தியை மாமியார் படித்துவிட்டார். இந்த இழையை எனக்குக் கைப்பேசியில் படித்துக் காட்டியதே அவர்தான். அதன் விளைவுகளை இங்கே எழுத விரும்பவில்லை.

ஓர் ஐயம் மட்டும் மிச்சமிருக்கிறது. பாயசத்துக்கும் குல்ஃபிக்கும் எந்த மாம்பழம்? இங்கே சந்தையில் பங்கனபள்ளி, செந்தூரா, கிளிமூக்கு மூன்றும் குவிந்துகிடக்கின்றன. இமாம் பசந்த் எப்போதாவது வருகிறது, விலை கேட்கவே தயக்கமாக இருக்கிறது. கூழைக் கிளறினால் மாம்பழத்தின் வாசனை குறைந்துவிடாதா என்பதும் என் கவலை. டப்பாவில் அடைத்த கூழை வாங்கிவிட்டால் வேலை மிச்சமாகுமே என்கிறார் என் கணவர்.


மறுமொழி 3
எழுதியவர்: மாங்கனி நகர்

நான் சேலத்தைச் சேர்ந்தவன். எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாகப் பழ மண்டி வைத்திருக்கிறோம். ஆகவே பழத்தைத் தேர்ந்தெடுப்பது பற்றி மட்டும் சற்று உரிமையோடு எழுதுகிறேன்.

பாயசத்துக்கும் குல்ஃபிக்கும் பங்கனபள்ளியே போதும். நார் கிடையாது, சதை மிகுதி, புளிப்பு மிகக் குறைவு, விலையும் கட்டுப்படியாகும். ஆந்திரத்தின் பங்கனபள்ளிக்கு 2017-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. செந்தூராவின் மணம் நன்றாக இருந்தாலும், நார் இருப்பதால் வடிகட்ட வேண்டும். அதைச் சாறாக்கிக் கடற்பாசியில் சேர்ப்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள், அங்கே அதன் புளிப்பு ஒரு குறையாகத் தெரியாது. கிளிமூக்கைப் பழமாகச் சாப்பிட்டு ஏமாறாதீர்கள். அதைக் காயாகக் கீற்றுப்போட்டு மிளகாய்த்தூளும் உப்பும் தூவிச் சிறுவர்களிடம் கொடுத்துவிட்டால், இனிப்பு திகட்டியவர்களும் அங்கே போய் நின்றுகொள்வார்கள். மல்கோவாவும் இமாம் பசந்தும் கைக்கு வந்தால் அவற்றை அடுப்பில் ஏற்றுவது பாவம். நறுக்கித் தட்டில் வையுங்கள், அவ்வளவுதான். நீலம் உங்கள் விருந்துக்குள் வராது. அது பருவத்தின் கடைசியில் வருவது. மணத்தில் அதை மிஞ்சப் பழமில்லை, ஆனால் வெட்டும்போது கொட்டைக்குள்ளிருந்து வண்டு பறந்து வந்து வீட்டுப் பிள்ளைகளை அலறவைக்கும்.

பழுத்ததை வாங்காமல், விருந்துக்கு ஐந்தாறு நாள் முன்னால் முற்றிய காயாக வாங்கி, வைக்கோலில் பரப்பி வீட்டிலேயே பழுக்கவையுங்கள். கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைப்பதற்கு 2011-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிமுறைகளில் தடை இருக்கிறது. எத்திலீன் வாயுவை 100 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவுவரை பயன்படுத்த அனுமதி உண்டு. இருந்தாலும் தோல் முழுவதும் ஒரே சீரான மஞ்சளாக மின்னி, முகர்ந்தால் மணமே இல்லாத பழத்தை நான் என் வீட்டுக்கு எடுத்துப்போக மாட்டேன். காயாக இருக்கும்போதே குளிர்சாதனப் பெட்டியில் வைப்பது பெரிய தவறு. ஏறத்தாழ 13 பாகைக்குக் கீழே போனால் காய் பழுக்கும் திறனை இழந்து, தோல் கருத்து, சதை சப்பென்று ஆகிவிடும். பழுத்த பிறகு ஓரிரு நாள் வைக்கலாம். வெட்டுவதற்கு முன் காம்பை நீக்கி அரை மணி நேரம் தண்ணீரில் போட்டுவைத்தால், காம்பிலிருந்து வழியும் பால் கழுவப்பட்டுவிடும். உதட்டோரம் புண்ணாக்குவது அந்தப் பால்தான்.

வாசனையைப் பற்றிய உங்கள் கவலை சரியானது. இதில் ஆசிரியர் ஐயாவோடு நான் சற்று மாறுபடுகிறேன். கூழ் முழுவதையும் நெய்யில் கிளறினால் கிடைப்பது நல்ல சுவைதான், ஆனால் அது மாம்பழ அல்வாவின் சுவை. எங்கள் வீட்டில் நான்கில் மூன்று பங்கைக் கிளறிவிட்டு, ஒரு பங்கைப் பச்சையாகவே வைத்திருந்து, பாயசம் நன்றாக ஆறிய பிறகு கலப்போம். தேங்காய்ப்பால் என்பதால் திரியும் என்ற பயமில்லை. நிறமும் மணமும் அந்தக் கடைசிப் பங்கில்தான் இருக்கின்றன.

டப்பாக் கூழை நான் குறைசொல்ல மாட்டேன். கிருஷ்ணகிரித் தொழிற்சாலைகளில் கிளிமூக்கையும் அல்போன்சாவையும் அரைத்து அடைக்கிறார்கள், பருவமில்லாத மாதங்களில் அது கைகொடுக்கும். ஆனால் அது ஏற்கெனவே சூடு கண்டது, சர்க்கரை சேர்த்ததாகவும் இருக்கலாம். பழம் குவிந்துகிடக்கும் மே மாதத்தில் அதை வாங்குகிறவரை எங்கள் மண்டிப் பக்கம் அனுப்பிவிடாதீர்கள்.

சேலத்துக்காரன் என்பதால் ஜவ்வரிசியைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியவில்லை. கால் கிலோ நைலான் ஜவ்வரிசியைக் கொதிக்கும் தண்ணீரில் தூவி, மணியின் நடுவில் வெள்ளைப் புள்ளி ஒன்று மட்டும் எஞ்சும்வரை வேகவைத்து, அடுப்பை அணைத்துப் பத்து நிமிடம் மூடிவையுங்கள். புள்ளியும் மறைந்ததும் குளிர்ந்த தண்ணீரில் அலசி வடித்துவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டாது. அதைக் குளிர்ந்த தேங்காய்ப்பாலிலும் மாம்பழக் கூழிலும் கலந்து, மேலே பொடியாக நறுக்கிய பங்கனபள்ளியைத் தூவினால் கரண்டியால் அள்ளிச் சாப்பிடும் பானமாகிவிடும். ஹாங்காங், சிங்கப்பூர் உணவகங்களில் இதைப் போன்ற ஒன்றைக் கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்துக் கொடுக்கிறார்கள்.


மறுமொழி 4
எழுதியவர்: வடமராட்சி வாசகி

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். நீங்கள் அனைவரும் மாம்பழத்தைப் பாயசமாகவும் குல்ஃபியாகவும் மாற்றுவதைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வீடுகளில் அதைப் பிட்டோடு சாப்பிடுவோம். கறுத்தக்கொழும்பான் மாம்பழம் பருவத்துக்கு வந்துவிட்டால், காலையிலோ இரவிலோ அவித்த சூடான அரிசிமாப் பிட்டு ஒரு கோப்பையில், அதன்மேல் துண்டுகளாக வெட்டிய மாம்பழம், அதைக் கையால் பிசைந்து சாப்பிடுவதற்கு மேலே வேறொரு செய்முறை எங்களுக்குத் தேவைப்படுவதில்லை. கறுத்தக்கொழும்பான் உங்களுக்குக் கிடைக்காது. மேலே சேலத்து அன்பர் சமைக்கக் கூடாது என்று எழுதிய மல்கோவாவை இதற்கு எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். பிட்டில் தேங்காய்ப்பூ தாராளமாக இருக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த பழத்தைச் சேர்த்தால் பிட்டு இறுகிவிடும் என்பதால், அறைச் சூட்டில் உள்ள பழமே நல்லது.

இனிப்பில் உப்புச் சேர்ப்பதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. தேங்காய்ப்பால் சேரும் எதிலும் ஒரு சிட்டிகை உப்பு விழுந்தால்தான் பழத்தின் இனிப்பு எழுந்து நிற்கும். தாய்லாந்தில் ஒட்டரிசிச் சோற்றோடு மாம்பழம் பரிமாறும்போது மேலே ஊற்றுகிற தேங்காய்ப்பாலில் உப்பு தெளிவாகவே தெரியும். உங்கள் காரைக்குடிப் பக்கத்துக் கவுனி அரிசியும் ஒட்டும் தன்மை கொண்டதுதான். அதை முதல் நாள் இரவே ஊறவைத்து வேகவைத்து, சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் கலந்து, பக்கத்தில் மஞ்சள் மாம்பழத்தை அடுக்கினால் பார்ப்பதற்கே அழகாக இருக்கும்.

குடிப்பதற்கு, எங்கள் ஊரில் கொடித்தோடை என்று சொல்லும் பழம் உங்களுக்குக் கிடைக்குமானால் முயன்று பாருங்கள். அங்கே பாஷன் ஃப்ரூட் என்று விற்பார்கள். உள்ளிருக்கும் விதைகளோடு கூடிய சாற்றைத் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, சர்க்கரையும் சிறிது உப்பும் சேர்த்தால் போதும். விதையை மிக்சியில் அடித்துவிடக் கூடாது. நொறுங்கிய கருந்துகள்கள் பானத்தைக் கெடுத்துவிடும். பப்பாப்பழத்தைப் பாலில் போடுவதற்குப் பதிலாகத் துண்டுகளாக வெட்டித் தேசிக்காய்ப் புளி (உங்கள் எலுமிச்சைச் சாறு) விட்டு வைத்தால் சின்ன மாமனாருக்கு இம்முறை முறைப்பாடு இருக்காது. அன்னாசித் துண்டுக்கு எங்கள் தெருக்களில் உப்பும் மிளகாய்த்தூளும்தான்.


பொருநைக்கரை எழுதியது

அனைவருக்கும் என் நன்றி. விருந்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள்கள் இருப்பதால், சென்ற ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் கால் பங்கு அளவில் செய்து பார்த்தேன்.

பிரதமன் முறைப் பாயசம் திரியவில்லை. சேலத்து அன்பர் சொன்னபடி ஒரு பங்குக் கூழைக் கடைசியில் பச்சையாகச் சேர்த்தேன். மூடியைத் திறந்தபோதே மணம் கூடத்துக்கு எட்டியது. வெல்லம் மட்டும் எங்கள் சுவைக்குச் சற்று மிகுதியாக இருந்ததால், முழு அளவுக்கு 600 கிராமுக்குப் பதிலாக 500 கிராம் போட எண்ணியிருக்கிறேன். ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்ததை யாரிடமும் சொல்லவில்லை, யாரும் கண்டுபிடிக்கவும் இல்லை.

கடற்பாசி இறுகிவிட்டது, ஆனால் கொஞ்சம் கூடுதலாகவே இறுகிவிட்டது. சிறிய அளவை நிறுக்க என்னிடம் சரியான தராசு இல்லை. கைக்கணக்கில் இழைகள் கூடிவிட்டன என்று நினைக்கிறேன். பக்கத்து நகைக்கடைக்காரரிடம் நிறுத்துத் தரச் சொல்லி மகன் கொண்டுபோயிருக்கிறான். அன்னாசி ஜெல்லி ஒன்றும் செந்தூரா ஜெல்லி ஒன்றுமாக இரண்டு தட்டங்கள் செய்யப்போகிறேன்.

குல்ஃபியில் சில்லுகள் இல்லை. ஆனால் பாலைச் சுண்டவைக்க ஒன்றேகால் மணி நேரம் அடுப்படியில் நிற்க வேண்டியிருந்தது. முழு அளவுக்கு இரண்டு அடுப்புகளில் பிரித்து வைத்து, இரண்டு நாள்களுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். பிட்டும் மாம்பழமும் என்றதும் மாமியார் முகத்தைச் சுளித்தார். பிறகு தட்டில் வைத்துக்கொடுத்தபோது இரண்டாவது முறையும் கேட்டு வாங்கினார். மூன்றாம் நாள் காலைச் சிற்றுண்டி அதுதான் என்று அவரே சமையல்காரருக்குச் சொல்லிவிட்டார்.

பனங்காட்டான் அவர்களுக்கு: ஆறுமுகநேரிப் பக்கத்திலிருந்து ஒருவர் முதல் நாள் காலையிலேயே எட்டுக் குலை நுங்கும் பதநீரும் கொண்டுவருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். அரிவாளையும் அவரே எடுத்துவருவாராம். மிக்சியை அன்று பரணில் ஏற்றிவிடுகிறேன்.